நான் பொறுப்பு

அக்கரப்பத்தனையில் பஸ்ஸை விட்டு இறங்கியபோதே டொக்டர் நிஷாந்திக்கு மனசு சரியில்லை. பயிற்சி வகுப்பு என்றால் கண்டியில் நல்ல மண்டபமாகப் பார்த்து வைப்பார்கள் என்று நினைத்திருந்தாள். இதுவோ எப்போதோ மூடிப்போன தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரி. தகரக் கூரை, பாசி பிடித்த சுவர், உள்ளே போனால் ஈரச் சாக்கு நாற்றம். சுற்றுவட்டாரத்துச் சின்ன ஆஸ்பத்திரிகளின் டொக்டர்களை அங்கே கூட்டியிருந்தார்கள்.

சொல்லிக்கொடுக்க வந்தவர் குகநேசன், யாழ்ப்பாணத்து இருதய நிபுணர். மாரடைப்பில் இதயம் தளர்ந்து, இரத்த அழுத்தம் விழுந்து, கை கால் குளிர்ந்துபோகும் நோயாளியைக் காப்பாற்றுவது எப்படி என்பதுதான் பாடம். கட்டிலில் ஒரு ரப்பர் பொம்மை. பக்கத்தில் பலூன் பம்ப். தொடை வழியாகப் பெரிய இரத்தக் குழாய்க்குள் செலுத்தும் பலூன், இதயம் ஓயும் நொடியில் உப்பி, துடிக்கும் நொடியில் சுருங்கி, அதற்குக் கைகொடுக்கும்.

“பம்ப் ஓடேக்க கட்டிலடியில ஒருத்தர் நிக்கவேணும்,” என்றார் குகநேசன். “இன்னொருத்தர் வந்து ‘நான் பொறுப்பு’ எண்டு வாயால சொல்லாமல் நீங்கள் நகரக்கூடாது. பலூன் உள்ளுக்க சும்மா நிண்டால் ரத்தம் கட்டிப்போடும்.”

காலைப் பரீட்சையில் நிஷாந்தி கோட்டை விட்டாள். குகநேசன் பக்கத்து அறையிலிருந்து மைக்கில் முனக, பொம்மையின் நெஞ்சிலிருந்து அந்தக் குரல் வந்தது. அழுத்தம் விழுகிறதே என்று பதறி அவள் மேலும் மேலும் சேலைன் ஏற்றினாள். நுரையீரல் நிறைந்து பொம்மை செத்துப்போனது. எல்லோரும் சிரித்தார்கள்.

கூட்டிப் பெருக்க வந்த காளியாயி மட்டும் சிரிக்கவில்லை. “இந்தக் கட்டில்லதாங்க எங்க ராசம்மா நெஞ்சு வலிச்சுக் கெடந்தா,” என்றாள். “லயத்து வீட்டுல இருந்து தூக்கிட்டு வந்தோம். ‘இந்தா வர்றேன்’னு போன தோட்டத்து டொக்டரய்யா வரவே இல்லைங்க. உசுரு போறவரைக்கும் கதவையே பாத்துக்கிட்டுக் கெடந்தா.”

அழுத முகத்தைக் கழுவிக்கொண்டு நிஷாந்தி திரும்பி வந்தபோது வார்டு காலி. எல்லோரும் தோட்டத்துப் பங்களாவுக்குத் தேநீர் குடிக்கப் போய்விட்டார்கள். பட்டப்பகல்தான். ஆனாலும் மழையும் மூடுபனியும் ஜன்னலை அடைத்து, கரண்டும் போய், அறை இருண்டு கிடந்தது. போர்வைக்குள் பொம்மை. பம்ப் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது போலும்.

டக்... ஷ்ஷ். டக்... ஷ்ஷ்.

தனியாக ஒரு தடவை செய்து பார்த்தால் என்ன என்று அவளுக்கு ரோஷம் வந்தது. கட்டிலடியில் நின்று வாய்விட்டுச் சொன்னாள். “நான் பொறுப்பு.”

“சரிங்கம்மா,” என்றது பொம்மை.

பெண் குரல்.

குகநேசன் சேர் விளையாடுகிறார் என்று முதலில் நினைத்தாள். ஆனால் அந்த மனிதருக்கு மலையகப் பேச்சு சுட்டுப்போட்டாலும் வராது. நாடி பார்க்க மணிக்கட்டைத் தொட்டாள். அது ரப்பர் இல்லை. குளிர்ந்து வியர்த்த தோல். கொழுந்துக் கறை காய்ந்த விரல்கள்.

கதவை நோக்கி ஓடினாள். பம்ப் தடுமாறியது.

டக்...

அவள் நெஞ்சும் நின்றது.

கண் இருட்டி, உள்ளங்கால் சில்லிட்டு, சுவரைப் பிடித்துப் பிடித்துக் கட்டிலுக்கே திரும்பி வந்தாள். ஷ்ஷ். பம்ப் மறுபடி ஓடியது. அவள் இதயமும் அதே தாளத்தில் ஓடியது. சுவிட்சை அணைக்கப் போனாள். விரல் பட்டதுமே மூச்சு முட்டியது. கத்தினாள். தகரத்தில் மழை கொட்டுகிற சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? ஹட்டனில் மாமியாரிடம் விட்டுவந்த கைக்குழந்தையை நினைத்ததும் அழுகை பொங்கியது. இந்தக் கட்டிலடியை விட்டு உயிரோடு போகமுடியாது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

“போயிடாதீங்கம்மா,” என்றது போர்வைக்குள்ளிருந்து அந்தக் குரல். “எல்லாரும் இப்படித்தான் போறாங்க.”

கதவு திறந்தது. துஷாந்த். அவளோடு ஒரே ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவன், எதையும் சிரித்தே சமாளிப்பவன். இருட்டுக்குள் அவன் எதையும் உற்றுப் பார்க்கவில்லை.

“டீ ஆறிப்போவுதுங்க. இன்னும் பழகிக்கிட்டு இருக்கீங்களா? நான் பொறுப்பெடுக்கவா?”

வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு நேரம் இருந்தது. குழந்தையின் முகம் கண்ணுக்குள் வந்தது.

தலையாட்டினாள்.

“சரி, நான் பொறுப்பு. போங்க.”

நெஞ்சின் கனம் சட்டென்று இறங்கியது. வெளியே பாய்ந்தாள். குகநேசன் குடையோடு எதிரே வந்தார்.

“சேர், மெஷினை நிப்பாட்டிடாதீங்க! துஷாந்த் செத்துடுவாரு!”

“எந்த மெஷின்?” என்றார். “மண் சரியப்போகுது எண்டு பொம்மையையும் பம்பையும் தேத்தண்ணிக்கு முன்னமே லொறியில அனுப்பியாச்சே.”

இருவரும் உள்ளே ஓடினார்கள். கட்டிலில் மெத்தையும் தலையணையும் தவிர ஒன்றுமில்லை. கட்டிலடியில் நின்ற துஷாந்தின் ஒரு கால் கதவுப் பக்கம் நீண்டிருந்தது. கை மட்டும் வெறும் காற்றில் யாருடைய மணிக்கட்டையோ பிடித்திருந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது.

“யாராச்சும்... பொறுப்பெடுங்க,” என்றான்.

ஆயுள் முழுக்க டொக்டர்களுக்குச் சொல்லிக்கொடுத்த வாய். குகநேசனுக்கு அது தன்னாலே வந்தது. “நான்—”

நிஷாந்தி அவர் வாயைப் பொத்தினாள்.

டக்... ஷ்ஷ். ஒன்றுமில்லாத அறையில் அந்தச் சத்தம் மட்டும் கேட்டது. துஷாந்தின் முழங்கால்கள் மடங்கத் தொடங்கின.

“அப்ப யாருங்க இருக்கப்போறது?” என்றது கட்டிலிலிருந்து அந்தப் பெண் குரல்.

வெற்றுத் தலையணையில் ஒரு தலை அழுந்திய பள்ளம் இருந்தது. அது மெல்ல நிஷாந்தியின் பக்கம் திரும்பியது.