பின்னாடி குடு

எழுபத்தெட்டாவது நிமிடம். சனாதோம்பி பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினாள். எதிரே மடகாஸ்கர் அணியின் மூன்று பேர் மதில் மாதிரி வழிமறித்தார்கள். அவளுக்கு இரண்டடி பின்னால், தடுக்க ஆளே இல்லாத பக்கத்தில், கேப்டன் செம்மலர் ஓடி வந்தாள்.

"பின்னாடி குடு! தோம்பி, பின்னாடி குடு!"

தோம்பி கொடுக்கவில்லை. நேராகப் போய் மூன்று பேர் மேலும் மோதி விழுந்தாள். பந்து பறிபோனது, ஆட்டமும் போனது. ஆறு நாடுகள் ஆண்டுதோறும் மோதும் கடல்நாடுகள் கோப்பையில், இந்தியாவுக்கு இந்தப் பருவத்தில் இது நான்காவது தோல்வி.

ரக்பியில் பந்தை முன்னால் எறியக் கூடாது, பின்னால்தான் கொடுக்க வேண்டும். எண்ணூர்க் கடற்கரையில் பத்து வயதில் பந்தைத் தொட்ட நாளிலிருந்து செம்மலர் கத்துகிற சொல் அது. அதைக் கேட்டுப் பந்து கொடுக்காதவளைக் கண்டால் அவளுக்கு ரத்தம் கொதிக்கும்.

"ஏன்டி குடுக்கல? தொண்ட கிழியக் கத்துறேன், காதுல விழலயா?"

தோம்பி மணிப்பூரியில் ஏதோ சொன்னாள். செம்மலரின் காதில் பயறளவு இருந்த மொழிச்செவி, அதைச் செய்தி வாசிப்பவரின் தமிழில் ஒப்பித்தது.

"பிறகு கொடு என்று நீங்கள்தானே சொன்னீர்கள், அக்கா? பருவம் முழுவதும் பிறகு, பிறகு என்கிறீர்கள். எப்போதுதான் கொடுப்பது?"

செம்மலர் அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

மொழிச்செவி வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. அவரவர் தாய்மொழியில் பேசினால் போதும், கேட்பவர் காதில் அவரவர் மொழியில் விழும். பள்ளிகளில் இன்னொரு மொழி கற்பிப்பதையே நிறுத்திவிட்டார்கள். இந்திய அணியின் பதினைந்து பேருக்கு ஒன்பது மொழி, பொதுவாக ஒரு சொல் கிடையாது. இந்தப் பருவத்தில் வேகத்துக்காகப் புதுப்பதிப்பு ஒன்று இறக்கியிருந்தார்கள். ஒரு சொல்லுக்கு ஒரே பொருள், அதுவும் மக்கள் அதிகம் புழங்கும் பொருள். பின்னாடி பார்க்கலாம், பின்னாடி கட்டிடுறேன், பின்னாடி வாங்க என்று நம் ஆட்கள் எல்லாவற்றையும் தள்ளிப்போடுகிற அழகைக் கேட்டுவிட்டு, பின்னாடி என்றால் 'பிறகு' என்று அது முடிவு கட்டியிருந்தது.

செம்மலர் வேறு சொல் பழகிப் பார்த்தாள். நிதானமாக இருக்கையில் வந்த சொல் பயிற்சி ஆட்டத்தின் சூட்டில்கூட வாயில் வரவில்லை. ஆங்கிலத்தில் 'பேக்' என்று கத்தினாள். தமிழ் என்று பதிவான வாயிலிருந்து வந்ததால் அது தோம்பியின் காதில் கைப்பை ஆனது. தோம்பி ஓடிக்கொண்டே மைதானத்தில் பையைத் தேடினாள்.

ரக்பி சங்கத் தலைவர் ஹர்பிந்தர் சோதி ஏற்கெனவே சொல்லிவிட்டார்: ஐந்தாவது ஆட்டமும் போனால் செம்மலரின் கேப்டன் பதவியும் போகும். முந்தைய கேப்டனை, தன் முதுகுக்குப் பின்னால் பேசினாள் என்று தூக்கி எறிந்தவர் அவர். எட்டு வருடம் எலும்பு நொறுங்க ஆடி வாங்கிய பதவி ஒரு சொல்லால் போவதா என்று செம்மலருக்கு ஆத்திரமாக வந்தது.

அணியோடு பயணிக்கும் மொழிச்செவிப் பொறியாளர் நிலேஷ் காம்ப்ளேயிடம் போனாள். அவருக்கு மராத்திதான் தெரியும்.

"சார், பின்னாடிங்கிற வார்த்தைய உங்க மெஷின் தப்பா சொல்லுது."

"பிறகு என்ற சொல்லையா? பிறகு என்றுதான் சொல்கிறது. சரிதானே?"

"அது இல்ல சார்! பின்னாடின்னா பின்பக்கம்!"

நிலேஷ் அவளை இரக்கத்தோடு பார்த்தார். "பிறகு என்பது எப்படியம்மா பின்பக்கம் ஆகும்? தலையில் அடி ஏதும் பட்டதா?"

பட்டதாக அவரே எழுதிக் கொடுத்துவிட்டார். அரை நாள் மருத்துவர் முன் உட்கார்ந்து, மாதப் பெயர்களைத் தலைகீழாகச் சொல்லி, ஒற்றைக் காலில் நின்று, தனக்குப் புத்தி பேதலிக்கவில்லை என்று செம்மலர் நிரூபிக்க வேண்டியிருந்தது. பழுதைச் சொல்லவும் அதே பழுதான கருவிதான் வழி என்றால் மனிதர் எங்கே போய் முட்டிக்கொள்வது?

மறுநாள் காலை அவள் விளக்கிக்கொண்டிருக்கவில்லை. நிலேஷின் கையில் பந்தைத் திணித்தாள், ஓடச் சொல்லித் தள்ளினாள். எதிரே அணியின் மிகப் பருத்த தடுப்பாட்டக்காரியை நிறுத்தினாள். தானே அவருக்குப் பின்னால் ஓடி, "பின்னாடி குடு!" என்று கத்தினாள். அவர் 'பிறகு' கொடுக்கலாம் என்று ஓடி, சேற்றில் மல்லாந்தார். மூன்றாவது தடவை விழுந்தபோது திரும்பிப் பார்த்தார். காலியாக நீண்டிருந்த அவள் கைகள் தெரிந்தன.

"ஓ! பின்பக்கம்!"

"அதத்தான் சார் கத்திக்கிட்டிருக்கேன்!"

அன்றே திருத்திவிட்டார். "இனிக் குழப்பமே வராது. பின்னாடி என்றால் முதுகுப்பக்கம், முன்னாடி என்றால் முகத்துக்கு எதிரே. வேறு பொருளே கிடையாது," என்றார். செம்மலர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை சென்னையில் கென்யாவோடு ஐந்தாவது ஆட்டம். கடைசி நிமிடத்தில் செம்மலர் கத்தினாள், தோம்பி கண்ணை மூடிக்கொண்டு பின்னால் கொடுத்தாள். செம்மலர் கோட்டைத் தாண்டிப் பந்தை மண்ணில் அழுத்தினாள். பருவத்தின் ஒரே வெற்றி, இரண்டு புள்ளி வித்தியாசத்தில். அவள் வாய்விட்டு அழுதாள்.

மேடையில் ஹர்பிந்தர் அவள் தோளில் கை போட்டார். கேமராக்கள் சூழ்ந்தன.

"அடுத்த பருவத்துக்கும் நீதான் கேப்டன். என்ன சொல்கிறாய்?"

செம்மலருக்கு மூச்சு வாங்கியது. "ரொம்ப சந்தோசம் சார். அதப் பத்தி பின்னாடி பேசிக்கலாம்."

தோளில் இருந்த கை விலகியது.

"என் முதுகுக்குப் பின்னாலா? அதை என்னிடமே சொல்கிறாயா?"

"ஐயோ, இல்ல சார்! முன்னாடி ஒரு கோளாறு இருந்துச்சு, அதச் சரிபண்ணப் போயி..."

முகத்துக்கு எதிரே ஒரு கோளாறு என்று அவர் காதில் விழுந்தது. அவள் முகத்துக்கு எதிரே நின்றவர் ஹர்பிந்தர் ஒருவர்தான். அவர் முகம் கறுத்தது. செம்மலர் இருவர் காதிலும் இருந்த மொழிச்செவியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, நேருக்கு நேராகப் பேச வாயைத் திறந்தாள். அவருக்குப் புரிகிற ஒரு சொல்கூட அவளுக்குத் தெரியவில்லை. அவர் பஞ்சாபியில் கத்தியதில் ஒன்றும் அவளுக்குப் புரியவுமில்லை.

புதன்கிழமை அடுத்த பருவத்துக்கான பட்டியல் வந்தது. கேப்டன், சனாதோம்பி. செம்மலரின் பெயர் எங்கும் இல்லை.

மொழிச்செவி தயாரிக்கும் நிறுவனத்துக்கு அவள் பக்கம் பக்கமாகப் புகார் எழுதினாள். ஒரு வாரம் கழித்து, மொழிச்செவிக்காரர்களிடமிருந்து தமிழிலேயே பதில் வந்தது.

"தங்கள் புகார் பின்னாடி கவனிக்கப்படும்."

எந்தப் பின்னாடி என்று கேட்க அவளுக்குத் தெம்பில்லை.