கடைசித் தட்டு

அன்று காலை அரிசி டப்பாவுக்குப் பூட்டு வந்துவிட்டது.

"உடம்புல சர்க்கரை ஏறிக் கெடக்குன்னு தெரிஞ்சும் சோத்தைக் குவிச்சு வச்சுத் திங்கறாளே! இனிமே நான் டம்ளர்ல அளந்து போடறதுதான்!" மாமியார் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

மூத்த மருமகளுக்குத்தான் இந்தப் பேச்சு. வீட்டில் அவளுக்குப் பெயரே பூசணி. அச்சகத்தில் மெஷின் ஓட்டும் கணவன்கூட, "வாயைக் கட்டத் தெரியாதா உனக்கு?" என்று கேட்டுவிட்டுச் செருப்பை மாட்டினான். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வீடே சாப்பிட்டு எழுந்த பிறகு பருப்புச் சட்டியில் என்ன மிஞ்சும் என்று இந்த மகானுபாவர்களில் ஒருவராவது எட்டிப் பார்த்ததுண்டா?

சில வாரங்களில் கால் வீங்கி, மூச்சு வாங்கி, அவள் அடுப்படியில் சரிந்தபோதுதான் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள்.

"தினமும் என்னம்மா சாப்பிடுவீங்க?" என்று கேட்டாள் டாக்டரம்மா.

"சோறுங்க."

"கூட?"

"கூட... காலிச் சட்டியில சோத்தைப் போட்டுப் பெரட்டிக்குவேங்க."

"முட்டை, காய், பருப்பு?"

"அதெல்லாம் அவங்களுக்கே பத்தாதுங்க..."

டாக்டரம்மா அவளுடைய கணவன் பக்கம் திரும்பினாள். "வெறும் சோறு அத்தனையும் உடம்புல சர்க்கரையாத்தான் மாறும். காயும் பருப்பும் சேர்ந்தா மெதுவா ஏறும், பசியும் அடங்கும். இவங்களுக்கு ஒரு மணி நேரத்துல திரும்பப் பசிக்கும், திரும்பவும் சோறுதான்! இது பேராசை இல்லைங்க... இவங்க தட்டுல வேற எதுவும் விழல. ஏறின சர்க்கரையால இப்ப கிட்னி ரெண்டும் போயாச்சு. இனி திரும்பாது."

அதற்குமேல் சொன்ன எதுவும் கணவன் காதில் ஏறவில்லை. சுவரில் சாய்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதான்.

வீட்டுக்கு வந்ததும் மாமியார் சாவியை வீசி எறிந்தாள். "பாவி நான்... உன் வயித்துல அடிச்சுட்டேனேடி!"

கணவன் முதல்முறையாக அவளை உட்கார வைத்துத் தட்டுப் போட்டான். அவித்த முட்டை இரண்டையும் அவள் தட்டில் வைத்தான். "நீ மொதல்ல சாப்பிடு... என்னை மன்னிச்சிடும்மா!"

எத்தனை வருடமாக ஏங்கிய வார்த்தை! அவள் அவன் கண்ணைத் துடைத்துவிட்டாள். பிறகு முட்டைகளை எடுத்துப் பக்கத்தில் இருந்த அவன் தட்டுக்கு மாற்றினாள்.

"டாக்டரம்மா சொன்னது கேக்கலையா? முட்டை, பருப்பெல்லாம் இனிமே என் கிட்னி தாங்காதாம். கொஞ்சம் சோறுதானாம்... அதுவும் அளந்து."

அவள் மாமியார் பக்கம் திரும்பினாள்.

"அந்த டம்ளரை எடுங்க அத்தை," என்றாள் அவள். "பசிக்குது."