கேளா எல்லை

“பழைய செவியணி ஒலியா, புதுசோட ஒலியான்னு இருபது தடவை கேட்டதுல நீங்க சொன்னது பதினொண்ணுதான் சரிங்கம்மா. காசு சுண்டிப் போட்டாலே பத்து வந்துரும்.”

“நீங்க போட்டுக் காட்டுனது செய்தி வாசிக்கிற பொண்ணு குரலுங்க. நான் வேலையில கேக்கறது பம்ப்செட்டு பேரிங்கு சத்தம். அதைப் போட்டுச் சோதிங்க.”

விதியில் அதற்கு இடமில்லை என்றார் செவித்தர நிலைய அதிகாரி தீர்த்தகிரி.

சோதனைக்கு வந்திருந்த வஞ்சிக்கொடிக்கு ஆத்திரம் வந்தது. இரைச்சலில் ஊருக்கே காது செத்துப்போய், எல்லோரும் செவியணி பொருத்திக்கொண்டு முப்பது வருஷமாகிறது. பொத்தான் அளவுக் கருவி. ஒலியை நேராக நரம்பில் ஊற்றும். இந்த வருஷம் கட்டாயமாக மாட்டிவிட்ட புது மாதிரியோ, மனிதருக்குக் கேட்காது என்று நிலையம் முடிவுகட்டிய ஒலிகளையெல்லாம் வடிகட்டிவிடுகிறது. பழையதற்கும் புதியதற்கும் வேறுபாடு உண்டென்று அளவுகருவிகள் காட்டத்தான் செய்தன. அது எவர் செவிக்கும் எட்டாது என்பது நிலையத்தின் தீர்ப்பு.

அவள் பம்ப்செட் ஆலையில், ஓடும் மோட்டாரைக் கேட்டே பழுது சொல்பவள். பதினெட்டு வருஷத்தில் ஒன்றுகூடத் தவறியதில்லை. புதுச் செவியணி மாட்டிய மாதமே, அவள் நல்லதென்று அனுப்பியதில் ஏழு எரிந்து திரும்பின. கவனக்குறைவு என்று வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். செவியணியில்தான் குறை என்று நிலையம் எழுதிக் கொடுத்தால் மட்டுமே திரும்ப உள்ளே விடுவார்களாம்.

“கேக்காதுன்னு யாரு காதை வெச்சுங்க முடிவு பண்ணுனீங்க?”

இரண்டு லட்சம் பேரைச் சோதித்தோம் என்று தீர்த்தகிரி பெருமையோடு திரையைத் திருப்பினார். ஒருவருக்குக்கூட வேறுபாடு தெரியவில்லை.

“அப்ப அவங்க காதுல மாட்டியிருந்தது எது?”

“எல்லாத்துக்கும் ஒரே சீரா இருக்கணும்ல? புது மாதிரியத்தான் மாட்டிவிட்டோம்.”

இன்று அவளைச் சோதித்ததும் அதே கருவியை மாட்டித்தான்.

“வடிகட்டியை மாட்டிவிட்டுப்போட்டு, கசடு தெரியுதான்னு கேட்டிருக்கீங்க. தெரியலைன்னதும் கசடே இல்லைன்னு எழுதிட்டீங்க. நான் கவனமில்லாதவளா?”

விதியைத்தான் பின்பற்றினோம் என்று அவர் முணுமுணுத்தார். தன் காதோரம் இருந்த பொத்தானை விரல் ஒருமுறை தொட்டு மீண்டது. அதுவும் புது மாதிரிதான்.

வஞ்சிக்கொடி இடுப்புச் சுருக்குப்பையை அவிழ்த்தாள். திருப்பித் தராமல் வைத்திருந்தால் தண்டனை என்று அறிவித்திருந்த தன் பழைய செவியணியை எடுத்து, அவருடைய மேசைமேலேயே வைத்தாள்.

“உங்களோடதைக் கழட்டிப்போட்டு, ஒரே ஒரு நிமிசம் இதை மாட்டிக் கேட்டுப் பாருங்க சார்.”