மூடக் கூடாத மடிக்கணினி

"புத்தம் புது லேப்டாப்பைக் கையில வச்சுக்கிட்டு ஒருத்தன் வாசல்ல நிக்கிறான்... வேண்டாம்னு சொல்ற பொண்ணு இந்த அலெக்ஸாண்ட்ரியாவுலயே உண்டாடி?"

அம்மா அன்று அப்படிக் கேட்டபோது நெர்மீன் மடியில் இருந்த பழைய கணினியின் விசைகளை இன்னும் கொஞ்சம் சத்தமாகத் தட்டினாள். அவ்வளவுதான்.

வாசலில் நின்றவன் சமீஹ். அம்மாவின் ஒன்றுவிட்ட அண்ணன் மகன். சொந்தமாகக் கைப்பேசிக் கடை, சொந்தமாகக் கார், எல்லாம் சொந்தமாக.

"வெள்ளிக்கிழமை ஃபாத்திஹா ஓதி நிச்சயத்தை முடிச்சிடலாம் அத்தை. இதை அன்னிக்கே கொண்டு வரேன். அதுக்குள்ள அந்த ஓட்டை டப்பாவை எடுத்து வைங்க. நானே குப்பையில போட்டுடறேன்" என்றான். போகும்போது நெர்மீனைப் பார்த்துச் சிரித்தான். "இனிமே நீ டைப் அடிச்சுப் பிழைக்க வேண்டாம். என் கடைக் கணக்கைப் பாரு, போதும்."

ஓட்டை டப்பாவா...

அப்பா இறந்த வருடமே கல்லூரியை விட்டவள் அவள். மற்றவர்களின் ஆய்வேடுகளைத் தட்டச்சு செய்து, அந்த முதல் சம்பாத்தியத்தில் வாங்கிய மடிக்கணினி அது. வாங்கும்போதே பழசு. ஒருநாள் காலையில் அதன் திரையில் ஒரு செய்தி வந்தது. 'புதிய பதிப்புக்கு இந்தக் கணினி தகுதியற்றது.'

யாரைப் பார்த்துத் தகுதியற்றது என்கிறாய்? அன்றே பழைய இயங்குதளத்தை வழித்துத் துடைத்துவிட்டு, வீடியோ பார்த்துப் பார்த்து, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸைப் போட்டாள். ஜெயித்துவிட்டோம் என்றுதான் நினைத்தாள். அதற்குப் பிறகுதான் பாடு ஆரம்பித்தது. முதலில் வைஃபை வரவில்லை. வைஃபை வந்தபோது பிரிண்டர் போனது. பிரிண்டர் வந்தபோது அரபு எழுத்துக்கள் ஒன்றோடு ஒன்று சேராமல், சண்டை போட்ட சொந்தக்காரர்கள் மாதிரித் தனித்தனியாக நின்றன. எல்லாவற்றையும் சரிசெய்தாள், ஒன்றைத் தவிர... மூடியை மூடினால் கணினி தூங்கும். தூங்கினால் எழாது.

சமீஹ் வந்து போனதற்கு மறுநாள் பல்கலைக்கழகத்துக்கு ஆய்வேட்டைக் காட்டப் போக வேண்டியிருந்தது. கணினியைத் திறந்தபடியே மடியில் வைத்து, மேலே கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் விரிப்பைப் போர்த்தி, டிராமில் பெண்கள் பெட்டியில் உட்கார்ந்திருந்தாள். வெளியே கடல் பொங்கிக்கொண்டிருந்தது. மழையென்றால் அப்படியொரு மழை!

கிளியோபாட்ரா நிறுத்தத்தில், நகர ஆரம்பித்த டிராமில் ஒருவன் தொற்றி ஏறினான். தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்ட, நேராக அவள் முன்னால் வந்து நின்றான்.

"ஏய், உஸ்தாஸ்! கண்ணு என்ன ஊறுகாய் ஜாடியிலயா வச்சிருக்க? இது பொம்பளைங்க பெட்டி!" மீன் கூடைக்கார அம்மா ஒருத்தி கத்தினாள்.

"மன்னிச்சுக்கங்க ஹாஜ்ஜா... மழையில பார்க்கல..."

"மழை உன் தலையில பெய்யுது. பெட்டியில எழுதினதையா அழிச்சுது?"

பெட்டியே சிரித்தது. நெர்மீன் பதறிப்போய், முகத்தை மறைத்துக்கொள்வது போலக் கணினியின் மூடியில் கை வைத்தாள்.

"மூடாதீங்க!" அவன் அலறினான். "மூடினா..."

"...எழாது" என்று அவளும் அதே நேரத்தில் முடித்தாள்.

நிமிர்ந்தாள். இமையில் ஒரு மழைத்துளி தொங்க, பழுத்த பேரீச்சை நிறத்தில் இரண்டு கண்கள்... அவளைக்கூட அல்ல, அவள் கணினியை அவ்வளவு பரிவோடு பார்த்துக்கொண்டிருந்தன. அந்தக் கணினியை இதுவரை யாரும் அப்படிப் பார்த்ததில்லை.

"உங்களுக்குமா?" என்றாள், தன் குரல் தனக்கே கேட்காமல்.

"எனக்கும் லினக்ஸ்தான். அது சரியாயிடுச்சு. சத்தம்தான் போச்சு. ஒரு மாசமா ஊமைப்படம் பார்க்கிறேன்."

"கல்யாணப் பேச்சை வெளியில வச்சுக்கோ ராஜா!" மீன் கூடை அம்மா அடுத்த நிறுத்தத்தில் அவனை முதுகைப் பிடித்து இறக்கினாள். அவன் நடைமேடையில் டிராமோடு ஓடிவந்தான். "மின்சார அமைப்புல... மூடி மூடினா ஒண்ணும் செய்யாதேன்னு வைங்க..!" மழை மீதியைத் தின்றுவிட்டது.

அப்படியே வைத்தாள். மூடினாள். கண்ணை இறுக்கிக்கொண்டு திறந்தாள். திரை விழித்திருந்தது.

திருத்தங்களோடு அவள் மறுநாளும் பல்கலைக்கழகத்துக்குப் போனபோது அவன் அதே நிறுத்தத்தில் நின்றான்; அவள் இறங்கிக்கொண்டாள். அதற்கடுத்த நாளும். பெயர் ஹாஸெம். அரசுப் பள்ளியில் புவியியல் வாத்தியார். அடுத்த டிராம் வரும்வரை பேச்சு, பிறகு ஆளுக்கொரு பெட்டி. நலம் விசாரிப்பதெல்லாம் அவர்களிடம் கிடையாது.

"இன்னிக்கு என்ன போச்சு?"

"தேதி போச்சு. நான் பொறக்கிறதுக்கு முன்னாடி இருந்த வருஷத்தைக் காட்டுது. உங்களுக்கு?"

"திரை வெளிச்சம். கூட்டவும் முடியல, குறைக்கவும் முடியல. நம்ம வாத்தியார் சம்பளம் மாதிரி."

அவள் சிரிப்பாள். சிரித்ததற்காக வெட்கப்படுவாள். வெட்கப்பட்டதை அவன் பார்த்துவிட்டானே என்று வீடு போகும்வரை யோசிப்பாள். அவனுடைய சத்தத்தை மீட்டது அவள்தான். ஒலி வேறெங்கோ, இல்லாத ஒரு தொலைக்காட்சிக்குப் போய்க்கொண்டிருந்தது. அதைத் திருப்பிவிட்டாள். நிறுத்தத்தின் ஓரத்தில் அவன் கணினி வாய்திறந்து பாடியபோது, அந்த வாத்தியார் சின்னப் பிள்ளை மாதிரிக் கைதட்டினான்.

வியாழக்கிழமை அவள் சமீஹைப் பற்றிச் சொன்னாள். நாளைக்கு என்றாள். புதுக் கணினி என்றாள்.

ஹாஸெமின் முகத்தில் ஏதோ அணைந்தது. தண்டவாளத்தைப் பார்த்தபடி பேசினான்.

"புதுசுல... இந்தத் தொல்லையெல்லாம் இருக்காது. நல்லதுதானே."

"நல்லதா?"

"நான் சொல்ல என்ன இருக்கு? என்கிட்ட புதுசா குடுக்க எதுவுமே இல்ல, நெர்மீன்."

டிராம் வந்தது. அவன் திரும்பிப் பார்க்காமல் முன்பெட்டியில் ஏறினான். பெண்கள் பெட்டியின் கதவு அவளுக்கு எதிரே திறந்திருந்தது... உள்ளே போனால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிடலாம். எப்போதும் போல.

ஓடினாள். முன்பெட்டியில் ஆண்களை முழங்கையால் விலக்கிக்கொண்டு போய் அவன் முன் நின்றாள். மூச்சு வாங்கியது.

"புதுசு வேணும்னு உங்ககிட்ட நான் கேட்டேனா?"

"நெர்மீன்... எல்லாரும் பார்க்கிறாங்க..."

"பார்க்கட்டும்! அவன் என் கணினியைக் குப்பைன்னான். சம்பாதிக்க வேண்டாம்னான். நீங்க என்னடான்னா என்னை அழகா மடிச்சு அவன் கையில குடுக்கறீங்க. ரெண்டு பேருமே என்னை ஒரு வார்த்தை கேக்கல. எனக்கு உங்களைத்தான் பிடிச்சிருக்கு. போதுமா? இன்னும் சத்தமா சொல்லணுமா?"

"நல்லாவே கேட்டுச்சும்மா" என்றார் டிக்கெட் கிழிப்பவர். "வாத்தியாரே, பதில் சொல்லுங்க. சொன்னாத்தான் டிக்கெட்."

ஹாஸெமின் காது சிவந்தது. அந்தப் பேரீச்சைக் கண்கள் இந்த முறை கணினியைப் பார்க்கவில்லை.

"என் பள்ளிக்கூடம்..." என்று தடுமாறினான். "...எதிர்ப்பக்கம் இருக்கு. அன்னிக்குப் பயிற்சி வகுப்புக்காக இந்தப் பக்கம் வந்தேன். அதுக்கப்புறம் தினமும் உங்களுக்காகத்தான் நின்னேன். தினமும் லேட். தினமும் திட்டு. நாளைக்கு நீங்க அவர்கிட்ட வேண்டாம்னு சொன்னா... அடுத்த நாளே எங்க மாமாவைக் கூட்டிக்கிட்டுப் பொண்ணு கேக்க வரேன்."

வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? அவள் வாய் வீட்டில் திறந்ததே இல்லையே...

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து சமீஹ் வந்தான். பளபளக்கும் பெட்டியை மேசையின் நடுவில் வைத்தான். அம்மா புதுக் கண்ணாடிக் கோப்பைகளைத் துடைத்து வைத்திருந்தாள், நிச்சயத்தன்று பரிமாறும் ரோஜா சர்பத்துக்காக.

"எங்க அந்த டப்பா? குடு, போற வழியில போட்டுடறேன்" என்று சிரித்தான் சமீஹ்.

"அது உள்ள வேலையில இருக்கு" என்றாள் நெர்மீன். "ஆய்வேடு அச்சாகுது."

சமையலறைக்குப் போய்த் தட்டோடு திரும்பினாள். தட்டில் சர்பத் இல்லை. ஒரே ஒரு சின்னக் கோப்பையில் கறுப்புக் காபி. அவன் முன்னால் வைத்தாள். பார்வை தாழவில்லை.

சமீஹ் ஒரு வாய் குடித்தான். கசந்தது. துளி சர்க்கரை இல்லை.

துக்க வீட்டில்தான் அந்தக் காபி கொடுப்பார்கள். வந்தவர் குடிப்பார், எழுவார், போவார். அங்கே யாரும் யாருக்கும் எதையும் விளக்க மாட்டார்கள்.

"அடியே... என்னடி இது?" அம்மாவின் கை வாய்க்குப் போனது.

"சர்க்கரை போட மறக்கலம்மா" என்றாள் நெர்மீன்.

அம்மா மகளைப் பார்த்தாள். கோப்பையைப் பார்த்தாள். சர்க்கரை டப்பா அம்மாவின் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அம்மா அதைத் தொடவில்லை.

உள்ளறையில் பிரிண்டர் கரகரவென்று இன்னொரு பக்கத்தைத் துப்பியது.

சமீஹ் கோப்பையைக் கீழே வைத்தான். எழுந்தான். பெட்டியைத் தூக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியிறங்கிப் போனான்.