ஓதாமல் ஊதிய மூச்சு

டீசலும் கிரீசும் நாற வேண்டிய இடத்தில் கிராம்பு மணந்தது. காசிம் கையைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் குனிந்து மோந்து பார்த்தான். சந்தேகமே இல்லை, எஞ்சின் காற்று இழுக்கும் குழாயின் வாயிலிருந்துதான் வந்தது. பிரித்துக் கோத்த பிறகு இன்னும் ஒரு தடவைகூடக் கிளப்பாத எஞ்சின். குழாயின் மேல் உள்ளங்கையை வைத்தான். இளஞ்சூடாக இருந்தது. வெயில் பட்டிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான், வண்டி நேற்றிலிருந்து கொட்டகைக்குள்ளேதான் நிற்கிறது என்று தெரிந்தும்.

அது பச்சியப்பனுடைய டிராக்டர். வெள்ளைக்காரன் காலத்துச் சீமை வண்டி. கிழட்டு வண்டிதான், ஆனால் மனுஷனுக்கு அதன்மேல் அப்படியொரு ஆசை. எழுபத்தொன்றாம் வருஷம் புளி நன்றாகக் காய்த்திருந்தது. மூட்டை ஏற்றிய டிரெய்லரை இழுத்துக்கொண்டு தொப்பூர் கணவாய் ஏறினால் பாதி வழியில் மூச்சு முட்டி நின்றுவிடும். "பாய், இதுக்குத் தம் பத்தலைங்க. எப்படியாச்சும் தம் ஏத்திக் குடுங்க" என்று நல்லம்பள்ளியில் காசிமின் வீட்டை ஒட்டிய பட்டறையில் கொண்டுவந்து விட்டார். காசிமும் சும்மா சொல்லக்கூடாது, உயிரைக் கொடுத்து உழைத்தான். சிலிண்டரைச் சேலத்து லேத்தில் கடைந்து அகலப்படுத்தி, பெரிய பிஸ்டன் போட்டு, டீசல் கூடுதலாக விழும்படி பம்பைத் திருகி வைத்தான்.

எல்லாம் முடிந்தது என்று நேற்று சொன்னபோதுதான் பச்சியப்பன் தலையைச் சொறிந்தார். "தங்கச்சிய ஒரு தரம் ஓதி ஊதச் சொல்லுங்க பாய்."

தங்கச்சி என்றது காசிமின் மனைவி ஷகிலாவை. அந்தப் பக்கத்தில் குழந்தை பயந்து அழுதால், எந்தச் சாமி கும்பிடுகிற வீடாக இருந்தாலும் அவளிடம் தூக்கி வருவார்கள். கன்னத்தில் ஒதுக்கிய கிராம்போடு ஓதி, நெற்றியில் ஊதிவிடுவாள். குழந்தை அப்படியே தூங்கிப்போகும். பச்சியப்பனின் பிள்ளைகளும் அப்படித் தேறியவர்கள்தான்.

ஷகிலாவுக்கு அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. டிராக்டருக்கு எதை ஓதுவது என்று முழித்தாள்.

"சும்மா ஊதிட்டுப் போ. இரும்புக்கு என்ன தெரியப் போவுது" என்றான் காசிம் தணிந்த குரலில்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஓதத் தொடங்குமுன் சொல்கிற பிஸ்மிகூடச் சொல்லவில்லை. பலூன் ஊதுகிற மாதிரி குழாயில் வாயை வைத்து, கன்னம் உப்ப ஊதினாள். வாயை எடுத்தபோது முகம் ஒரு மாதிரியாக இருந்தது.

"என்னாங்க, இது உள்ள இழுக்குதுங்க."

நின்றுகிடக்கிற எஞ்சின் எப்படி இழுக்கும் என்று காசிம் கேலி செய்தான். பச்சியப்பன் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

நேற்று ராத்திரியிலிருந்தே அவளுக்கு இளைப்பு. நாள் முழுக்க வாய் ஓயாமல் பேசுகிறவள், இப்போது ஒரு சொல் சொல்லி நிறுத்தி, சுவரைப் பிடித்துக்கொண்டு அடுத்ததைத் தேடினாள். பட்டறைத் தூசுதான் என்று காசிம் வெந்நீர் வைத்துக் கொடுத்தான். நாளைக்குத் தருமபுரி பெரியாஸ்பத்திரிக்குப் போகலாம் என்றான். கிராம்பு வாசத்தைப் பற்றி அவளிடம் சொல்லவில்லை. சொல்லப் பயமாக இருந்தது.

பொழுது சாய்கிற நேரத்தில், பார்த்துவிடலாம் என்று டேங்கில் கொஞ்சமாக டீசல் ஊற்றி, கைப்பிடியைப் போட்டுச் சுற்றினான். முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. என்ன சத்தம்! தரை அதிர்ந்து, தகரக் கூரை கடகடத்து, சுவரில் மாட்டிய ஸ்பேனர்களெல்லாம் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுத்தன. அந்த இரைச்சலுக்கு அடியில் வேறொன்று கேட்டது. மெதுவான ஒரு இழுப்பு. மெதுவான ஒரு விடுப்பு. எஞ்சினின் ஓட்டத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

வாசலுக்கு வந்த ஷகிலாவின் முகம் தெளிந்திருந்தது. "இப்ப நல்லா மூச்சு வருதுங்க" என்றாள்.

அப்பாடா என்று காசிம் நிறுத்தும் கம்பியை இழுத்தான். சத்தம் தளர்ந்தது. அவள் கை தொண்டைக்குப் போனது. எஞ்சின் விக்கியது. அவளும் விக்கினாள். எஞ்சின் நின்றது.

உதடு நீலமாகி, சத்தமில்லாமல், அவள் நிலைப்படியில் சரிந்தாள்.

காசிம் பாய்ந்து கைப்பிடியைச் சுற்றினான். வண்டி பிடித்தது. அவள் நெஞ்சு ஏறியது.

அவனுக்குப் புரிந்துவிட்டது. டீசல் தீர்ந்தால் என்ன செய்வது? கேனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து டேங்க் மூடியைத் திறந்தான். உள்ளே குச்சியை விட்டுப் பார்த்தான்.

குச்சி காய்ந்தே வந்தது.

வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

ஷகிலாவை உள்ளே தூக்கிப்போய்ச் சுவரில் சாய்த்து உட்கார வைத்தான். அவள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "ஓதாம ஊதிட்டேங்க. வெறும் மூச்சக் குடுத்துட்டேன். இப்ப ஓதுறேன். ஓதிட்டு, அதுகிட்ட கூட்டிட்டுப் போங்க. வாங்கிக்கிறேன்."

"ஓது, ஷகிலா. மெதுவா ஓது."

முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு அவள் பிஸ்மி சொன்னாள். உதடுகள் அசைந்தன. நிறம் திரும்பிக்கொண்டிருந்தது. காசிம் அவள் கையைப் பிடித்தபடி, ஓதி முடித்துவிடுவாள், சரியாகிவிடும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தான்.

அப்போது, வண்டியை எடுத்துப்போக வந்த பச்சியப்பன் பட்டறையிலிருந்து இரைச்சலுக்கு மேலே கத்தினார்.

"பாய்! கம்பிய இழுத்தாலும் நிக்கமாட்டேங்குதே. டேங்கும் காலியா இருக்குது." வந்தவரின் குரலில் பெருமைதான் இருந்தது. "பரவால்லைங்க, காத்த அடைச்சா நின்னுரும்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க. ஈரச்சாக்கு கெடக்குது, நான் பாத்துக்கிறேன்."

"அண்ணே, வேண்டாம்!"

காசிமின் கத்தல் எஞ்சினை ஒட்டி நின்றவர் காதுக்கு எட்டவில்லை. எழுந்தான். கதவைத் தாண்டவில்லை. சத்தம் நின்றது.

திரும்பிப் பார்த்தான். ஷகிலா அப்படியேதான் உட்கார்ந்திருந்தாள். கண் திறந்திருந்தது. உதடு ஒரு சொல்லின் பாதியில் இருந்தது. நெஞ்சு அசையவில்லை.

சுவரில் மோதி, தடுக்கி, பட்டறைக்கு ஓடினான். சாக்கைப் பிடுங்கக் கை நீட்டியவன் அப்படியே நின்றான்.

எஞ்சின் நின்றிருந்தது. விசிறி நின்றிருந்தது. எங்கும் ஓர் அசைவு இல்லை. குழாயின் வாயில் பச்சியப்பன் இறுக்கிக் கட்டிய ஈரச்சாக்கு மட்டும் மெல்ல உள்ளே அமுங்கியது. மெல்ல உப்பியது.

கிராம்பு வாசம்.

"பாத்தீங்களா பாய்," என்றார் பச்சியப்பன், சிரித்துக்கொண்டே. "நின்ன பொறவும் தம் போவலைங்க."

சாக்கு அமுங்கியது. உப்பியது.