கயிறு பிடித்தவன்

தூளிக் கயிறு இரண்டு முறை இழுத்தது.

மத்தியானத்திலிருந்து கரண்ட் இல்லை. எர்ணாவூர் குடியிருப்பின் இரண்டாவது மாடியில், ஜன்னலைத் திறந்தால் சாம்பல் தூசும் மூடினால் புழுக்கமுமாக இருந்த ஒற்றை அறையில், ஜூடி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, தூளியின் அடியில் முடிந்திருந்த நைலான் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு குழந்தையை ஆட்டிக்கொண்டிருந்தாள். கீழே சாலையில் கன்டெய்னர் லாரிகள் நகராமல் உறுமுவதும், பக்கத்து வீட்டில் யாரோ குடத்தைத் தரையில் இழுப்பதும், தூளிக் கொக்கி கிறீச்சிடுவதும் கலந்து ஒரே சத்தமாகக் கேட்டன. எப்போது குழந்தை தூங்கினான், எப்போது தன் கை நின்றது என்று அவளுக்குத் தெரியவில்லை. கொக்கியின் சத்தம் நின்றிருந்தது. தூளி அசையாமல் தொங்கியது.

அப்போதுதான் இழுத்தது. இரண்டு முறை. கொஞ்சம் இடைவெளி. மறுபடி இரண்டு முறை.

ஜூடி யோசிக்காமல் ஒரு முறை திருப்பி இழுத்தாள்.

இழுத்த பிறகுதான் கண் விழித்ததுபோல் நிமிர்ந்தாள். தூளிக்குள் குழந்தை வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தான். அவள் இழுத்ததில் தூளி இலேசாக ஆடியது. அதற்கு முன் ஆடவில்லை என்பது அவளுக்கு நிச்சயமாகத் தெரியும்.

காசிமேட்டில் வளர்ந்தவர்களுக்கு அந்தப் பதில் கையிலேயே இருக்கும். படகின் புரொப்பல்லரில் வலை சுற்றிக்கொண்டால் ஒருவன் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்குவான். இன்னொருவன் மேலே கயிற்றைப் பிடித்திருப்பான். கீழே இருந்து இரண்டு இழுப்பு வந்தால் தூக்கு என்று அர்த்தம். மேலே இருப்பவன் ஒரு இழுப்பு கொடுக்க வேண்டும். இருக்கிறேன், தூக்குகிறேன் என்று அர்த்தம். அதைக் கொடுத்துவிட்டால், ஆள் வெளியே வரும்வரை கயிற்றை விடக்கூடாது. ஜூடியின் அப்பா அப்படி இறங்குகிற ஆள். லீவு நாட்களில் அவள் படகின் விளிம்பில் உட்கார்ந்து, கயிறு பிடித்தவரின் கைக்குக் கீழே தன் கையையும் வைத்துக்கொள்வாள்.

அவள் கயிற்றைக் கையிலிருந்து அவிழ்த்தாள். விரல்களுக்கு நடுவே ஈரம். வியர்வை என்று நைட்டியில் துடைத்துக்கொண்டாள். வியர்வையைவிடச் சூடாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவளுக்கு எதுவும் சரியாக உறைக்கவில்லை. சோறு வடிப்பாள், உப்புப் போட்டோமா என்று தெரியாது. யாராவது பேசினால் உதடு அசைவது தெரியும், சொல் கொஞ்சம் தாமதித்து வரும்.

அன்று அவள் புருஷன் சாவியோ தன் அப்பாவின் ஃபைபர் படகை எடுத்துக்கொண்டு போனான். மீன் பிடிக்க இல்லை. சாவியோ கன்டெய்னர் யார்டில் கிரேன் ஓட்டுகிறவன். வாரத்துக்கு ஒரு நாள்தான் தண்ணீரைத் தொடுவான். கூட வேலை செய்கிற தாவூதும், இதே பிளாக்கில் கீழ்வீட்டில் இருக்கும் டில்லிபாபுவும் போனார்கள். ஐஸ் பெட்டி நிறைய பீர், ஒரு பொட்டலம் வறுத்த நெத்திலி. லைஃப் ஜாக்கெட் மூன்றையும் உட்காரத் தோதாக மெத்தை மாதிரி மடித்துப் போட்டுக்கொண்டார்கள். முகத்துவாரம் வரைக்கும் ஒரு ரவுண்டு, சாயங்காலம் வந்துவிடுகிறோம் என்றான். சாயங்காலம் இரண்டு பேர் வந்தார்கள்.

டில்லி போதையில் குதித்துவிட்டான், மணல் திட்டுக்கு நீந்திப் போகிறேன் என்றான், நாங்கள் தடுத்தும் கேட்கவில்லை. போலீஸில் சாவியோ அப்படித்தான் சொன்னான். தாவூது தலையை ஆட்டினான். அன்றிலிருந்து தேடும் படகுகளோடு சாவியோவும் காலையில் போய் இருட்டும்போது வருகிறான். வந்து, துவைத்துக் காய்ந்த சட்டையையே மறுபடி துவைக்கிறான்.

கதவு தட்டப்பட்டது. டில்லியின் அக்கா செங்கொடி. அவள்தான் தம்பியை வளர்த்தவள். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை, நிலைப்படியில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். தலை வாரியிருந்தாள், பூப்போட்ட புடவையை ஒழுங்காகக் கட்டியிருந்தாள். ரேஷன் கடைக்குக் கிளம்பினவள் மாதிரி இருந்தாள்.

சாவியோ வந்துவிட்டானா என்று கேட்டாள். இல்லை என்றாள் ஜூடி. குழந்தைக்குச் சளி எப்படி இருக்கிறது என்று கேட்டாள். பரவாயில்லை என்றாள்.

"ஒண்ணு கேக்கணும் ஜூடி. தப்பா எடுத்துக்காத."

"சொல்லுக்கா."

"அவனுக்கு நீச்சல் வராது. தண்ணின்னாலே பயம். சின்னதுல எங்க நைனா இடுப்புல கயிறு கட்டி எறக்குவாரு, அப்பதான் எறங்குவான். கயிறு இல்லாம தண்ணில காலு வெக்க மாட்டான். குடிச்சாலும் வெக்க மாட்டான். அவன் எப்டி குதிச்சான்?"

ஜூடி தூளிக் கயிற்றைப் பார்த்தாள். செங்கொடி அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு கீழே குனிந்து, "இன்னா, வூட்டுக்குள்ள தண்ணி கொட்டிகினு கீது?" என்றாள்.

தூளிக்குக் கீழே ஒரு சின்னத் தேக்கம். ஒரு தட்டு அளவுக்கு இருக்கும்.

குழந்தை நனைத்திருப்பான் என்றாள் ஜூடி. செங்கொடி படியிறங்கிப் போனாள். அவள் வளையல் சத்தம் மூன்றாவது திருப்பம்வரை கேட்டது. ஜூடி கதவைச் சாத்திவிட்டு வந்து துணி எடுத்துக் குனிந்தாள். குழந்தையின் துணி உலர்ந்திருந்தது. தரையில் இருந்த தண்ணீர் கறுப்பாக, அடியில் மாவு மாதிரி சாம்பல் படிந்து இருந்தது. தொட்டாள். வெதுவெதுப்பாக இருந்தது.

அனல்மின் நிலையத்துச் சுடுதண்ணீர் கலக்கிற இடத்தில் கழிமுகம் அப்படித்தான் இருக்கும். மார்கழி விடியலிலும் கால் வைத்தால் சூடு. அந்தச் சூட்டை வேறு எந்தத் தண்ணீரோடும் அவளால் குழப்பிக்கொள்ள முடியாது.

துடைத்தாள். பிழிந்தாள். திரும்பி வந்தபோது மறுபடி இருந்தது.

சாவியோ வரும்போது மழை மேகம் இறங்கி அறை இருட்டிக்கொண்டிருந்தது. மெழுகுவர்த்தி ஏற்றியிருந்தாள். அவன் மேல் டீசல் வாடையும் சேற்று வாடையும் அடித்தன. குடித்திருக்கவில்லை. அன்றிலிருந்து குடிக்கவில்லை. செருப்பைக் கழற்றும்போதே, இன்றும் ஒன்றும் கிடைக்கவில்லை என்றான்.

அவள் தட்டு வைக்கவில்லை. "கயிற யார் புடிச்சது?" என்று கேட்டாள்.

அவன் ஒரு செருப்போடு நின்றான். பிறகு சுவரில் முதுகை வைத்து மெல்லக் கீழே சரிந்து உட்கார்ந்தான். கேட்டதற்காகவே காத்திருந்தவன் மாதிரி சொல்ல ஆரம்பித்தான். குரலில் ஏற்ற இறக்கம் இல்லை.

முகத்துவாரத்துப் பக்கத்தில் புரொப்பல்லரில் கழிவு வலை சுற்றிக்கொண்டது. இன்ஜினை நிறுத்தினார்கள். டில்லி தான் இறங்குவதாகச் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். கயிறு கட்டு மாமு, நீ புடிச்சா எனக்கு இன்னா பயம் என்றான். சாவியோதான் முடிச்சுப் போட்டான். இடது கையில் கயிறு, வலது கையில் பாட்டில். டில்லி கீழே வலையைப் பிய்த்துக்கொண்டிருந்தான். வெயில். பாட்டு. கொஞ்ச நேரம் கண் அசந்துவிட்டது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. கயிறு கையை விட்டுப் போய்ப் பின்னால் கொக்கியில் மாட்டியிருந்தது. விழித்துப் பார்த்தபோது முன்பக்கம் தார்ப்பாய்க்குள் ஒரு ஆள் படுத்திருந்தான்.

"டில்லின்னு நெனச்சேன். ஏறி வந்து படுத்துகினு கீறான்னு நெனச்சேன்."

இன்ஜினைப் போட்டான். படகு கனமாக இருந்தது, முன்னால் போகவில்லை. மறுபடி வலை மாட்டிக்கொண்டது என்று தாவூது திட்டினான். சாவியோ பின்னால் போய்க் கயிற்றில் கை வைத்தான். விறைத்திருந்தது.

அவன் நிறுத்தினான். மெழுகுவர்த்தி சடசடத்தது.

"இழுத்திச்சு ஜூடி. ரெண்டு தபா. கைக்குத் தெரிஞ்சுச்சு. மண்டைக்குத் தெரியல."

கத்தியை எடுத்து அறுத்தான். படகு இலேசாகிவிட்டது. கரை வரைக்கும் தார்ப்பாயிடம் பேசிக்கொண்டே வந்தார்கள். எந்திரி டில்லி, உங்க அக்கா ஒதைக்கப் போறா, எந்திரி. கரையில் தாவூது தார்ப்பாயைத் தூக்கினான். மடித்துப் போட்ட லைஃப் ஜாக்கெட்டுகள் இருந்தன.

ஜூடி கேட்டுக்கொண்டிருந்தாள். அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. கீழ்வீட்டில் செங்கொடி இருமுவது படிக்கட்டு வழியாகக் கேட்டது. அக்காவிடம் போய்ச் சொல்லிவிடு என்றாள். இடம் தெரிந்தால் அங்கேயாவது தேடுவார்கள். அவன் மாட்டேன் என்று தலையை ஆட்டினான். சொன்னால் உள்ளே போக வேண்டும். போனால் நீயும் பிள்ளையும் என்ன செய்வீர்கள் என்றான்.

அவள் எழுந்து போய்ச் சொல்லியிருக்கலாம். இரண்டு மாடிதான். கதவைப் பார்த்தாள். தூளியைப் பார்த்தாள். எழவில்லை.

தூளிக் கயிறு இழுத்தது. தானாக. தரையில் கிடந்த நுனி விறைத்து, தளர்ந்து, மறுபடி விறைத்தது.

சாவியோ பார்த்தான். "நீ பதில் குடுக்கல இல்ல?"

அவள் தன் உள்ளங்கையைப் பார்த்தாள்.

"ஜூடி. பதில் குடுத்தியா?"

"கை குடுத்துட்ச்சு."

அவன் எழுந்தான். குழந்தையைத் தூக்கி அவள் மடியில் போட்டான். இடுப்புப் பையிலிருந்து கத்தியை எடுத்தான். அதே கத்தி, மஞ்சள் பிடி. தூளிக் கயிற்றை அறுத்தான். கொக்கியிலிருந்து தூளிச் சேலையையும் அறுத்தான். சேலை ஈரத்தோடு தொப்பென்று விழுந்தது.

அமைதி. லாரிகளின் சத்தம்கூட இல்லை.

துணிக்கொடி ஆடியது. இரண்டு முறை. காய்ந்த சட்டைகள் தோளைக் குலுக்கின. அதையும் அறுத்தான். ஜன்னல் திரையின் நாடா. அறுத்தான். அரிசிப் பையின் வாய்க் கயிறு. அறுத்தான். தரை முழுக்கத் துண்டு துண்டாகக் கயிறு. எல்லாத் துண்டுகளும் நனைந்திருந்தன. தண்ணீர் இப்போது கட்டில் காலைத் தொட்டது. வெதுவெதுப்பு. சாம்பல் வாடை. அழுகின வலையின் வாடை.

சுவரில் மாதா படத்துக்குப் பக்கத்தில் ஜெபமாலை தொங்கியது. அது ஆடியது.

சாவியோ அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். உதடு ஏதோ முணுமுணுத்தது. அது மறுபடி ஆடியது. அறுத்தான். மணிகள் தரைத் தண்ணீரில் விழுந்து உருண்டன. பிறகு அவையும் நின்றன.

"அவ்ளோதான்," என்றான். "வேற கயிறு இல்ல. வூட்ல வேற கயிறே இல்ல."

ஜூடி சுற்றிப் பார்த்தாள். இல்லை. கொக்கி வெறுமையாக இருந்தது. சுவர்கள் வெறுமையாக இருந்தன. அவன் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றான். கத்தி நுனியிலிருந்து சொட்டியது. ஒன்று. ஒன்று.

கீழ்வீட்டில் இருமல் நின்றிருந்தது.

அவள் மடியில் குழந்தை நகர்ந்தான்.

தூக்கத்தில் புரள்வது மாதிரி இல்லை. இழுபட்டான். கதவுப் பக்கமாக. ஒரு விரற்கடை.

அவள் குழந்தையின் சட்டையைத் தூக்கினாள். கறுப்பு அரைஞாண் கயிறு. ஒரு பக்கம் வயிற்றை இறுக்கியிருந்தது. இன்னொரு பக்கம் உடம்பை விட்டு எழும்பி, யாரோ விரல் நுழைத்துப் பிடித்ததுபோல் விறைத்து நின்றது. ஈரம். நூலிழைகளுக்கு நடுவே சாம்பல்.

இழுத்தது. இரண்டு முறை.

சாவியோ கத்தியோடு குனிந்தான். கத்தி நுனி குழந்தையின் வயிற்றுக்கு மேலே வந்து நின்றது. ஜூடி அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்தபடியே இருந்தாள். இருவரும் அசையவில்லை.

குழந்தை கண் திறந்தான். அழவில்லை. அம்மாவைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்க்கவில்லை. கதவைப் பார்த்தான். சின்ன விரல்கள் வயிற்றில் துழாவி, கறுப்புக் கயிற்றைக் கண்டுபிடித்து, மூடிக்கொண்டன.

ஒரு முறை இழுத்தான்.