உருளாத சில்லு

வெர்னா வீட்டுச் செருப்போடு வந்திருந்தாள். ஹெண்டர்சன் மண்டபத்தில் மாதாந்திரச் சந்தை களைகட்டியிருந்தது. மூடிப்போன கேசினோக்களில் பணத்துக்குப் பதிலாக வைத்துச் சூதாடிய பழைய வட்டச் சில்லுகளை மேசை மேசையாகப் பரப்பி வைத்துக்கொண்டு, பேரன் பேத்தி எடுத்தவர்களெல்லாம் குழந்தைகள் மாதிரி மாற்றிக்கொண்டிருந்தார்கள். அவள் எவரையும் பார்க்காமல் ஹார்லன் முன்னால் வந்து தன் கணவர் லோவலின் சில்லு ஆல்பத்தை வைத்தாள்.

"லோவல் இன்னிக்கோ நாளைக்கோன்னு கிடக்கார், ஹார்லன். கண்ணும் போயிடுச்சு. அவரோட காப்பர் லேன்டர்ன் கேசினோ சில்லைக் கையில கொடுத்தா, 'இது என்னுது இல்ல'ங்கிறார். என் அக்கா மகன் ட்ராய்தான் வித்துத் தின்னிருப்பான். காலையில வீட்டை விட்டே துரத்திட்டேன்."

ஹார்லன் கேசினோ கேமரா அறைகளில் உட்கார்ந்து திருடர்களைப் பிடித்தே தலை நரைத்தவர். அவருடைய கூட்டாளி ரூபியோ சரியான அவசரக்குடுக்கை.

"ட்ராயை இழுத்துட்டு வரவா?" என்று எழுந்துவிட்டாள்.

"உட்காரு ரூபி. ஓடுறதுக்கு முன்னாடி இதைப் பாரு."

ஆல்பத்திலிருந்து அவர் எடுத்துக் காட்டியது ஒரு சிவப்புச் சில்லு. ஓரம் கூர்மையாக, கைபடாததுபோல இருந்தது.

"லோவலோடது தேய்ஞ்சது, நானே பார்த்திருக்கேன். இது அதைவிட விலை கூடினது. தேய்ஞ்சதை எடுத்துட்டுப் புதுசை வெச்சுட்டுப் போற திருடன் உண்டா? லோவல் வேற என்ன சொன்னான், வெர்னா?"

"படுக்கையில அதைச் சாப்பாட்டுப் பலகை மேல வெச்சுக்கிட்டு, 'உருளுது, உருளுது'ன்னு அழறார். புத்தி பேதலிச்சுடுச்சு, பாவம்."

ஆல்பத்தின் முதல் பக்கத்தில் ஒரு புகைப்படம். அவர்களுடைய ஒரே பிள்ளை டென்னி, ஏழு வயதில் காய்ச்சலில் போனவன், மேசையில் மோவாயை வைத்துக் கன்னத்தை உப்பி ஊதுகிறான். அவனுக்கு எதிரே சிவப்புச் சில்லு ஒன்று பிடிமானமே இல்லாமல் தன் விளிம்பில் நிமிர்ந்து நிற்கிறது. ஹார்லன் அதை நெடுநேரம் பார்த்தார்.

"புத்தியெல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றார். "விலை கூடினதை வெச்சுட்டுப் போக மனசு வரும்னா, அது சிநேகிதனுக்குத்தான். வென்டல்! இங்க வாடா."

லோவலின் உயிர் நண்பன் வென்டல் தன் மேசையை விட்டு வந்தான்.

"வியாழக்கிழமை லோவலைப் பார்க்கப் போனியே. பழசை எங்கடா போட்டே?"

வென்டல் மேசையிலிருந்த சில்லைப் பார்த்தான். "நல்லது கிடைச்சா மட்டமானதைக் கழிச்சுடறதுதானே சில்லு சேர்க்கிற நம்ம வழக்கம்? அவனுக்காக ஊர் ஊராத் தேடினேன். சொன்னா வாங்கிக்க மாட்டான். போறதுக்குள்ள ஒரு முழுசான சில்லு அவன்கிட்ட இருக்கட்டும்னுதான்... பழசு அதோ என் மேசையில, கழிவுத் தட்டுல கிடக்கு."

"அது தானா தேய்ஞ்சது இல்லடா. இந்தப் படத்தைப் பாரு, நிக்க வெச்சு ஊதித் தள்ளுற விளையாட்டு; எவ்வளவு ஊதினாலும் நிக்கட்டும்னு டென்னி தரையில உரசி விளிம்புல ஒரு பக்கம் தட்டையாக்கியிருக்கான். கண்ணு போனவன் புதுசை நிக்க வெச்சுப் பார்த்து, அது உருண்டதும்தான் தன்னோடது இல்லன்னு கண்டுபிடிச்சிருக்கான்."

வெர்னாவுக்கு இது புதுச் செய்தி. அப்பனும் பிள்ளையும் இதை அவளிடம் சொன்னதே இல்லை.

ஹார்லன் அந்தத் தட்டிலிருந்த சிவப்புச் சில்லுகளை ஒவ்வொன்றாக நிறுத்தினார். எல்லாம் உருண்டன. ஒன்று மட்டும் நின்றது. வென்டல் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு விம்மினான்.

வீட்டில் லோவல் அதை விரலால் தடவிப் பார்த்தார். பலகைமேல் நிறுத்திவிட்டுக் கையை எடுத்தார். பிறகு மோவாயைப் பலகையில் சாய்த்து ஊதினார். மூச்சு பாதியிலேயே அறுந்தது. சில்லு அசையவில்லை.

"விழல பாருடா டென்னி" என்றார். "அப்பா தோத்துட்டேன்."

வெர்னா அவர் தலையைத் தலையணையில் சாய்த்துவிட்டு அழுதாள். வாசலில் நின்ற ரூபியிடம், "ட்ராயைக் கூட்டிட்டு வா. சித்தி மன்னிப்புக் கேக்குறான்னு சொல்லு" என்றாள்.

வென்டல் அந்தப் புதுச் சில்லைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே காரிலேயே உட்கார்ந்திருந்தான்.